லண்டன் அடாப்டர்

மைசூர், 1996 மார்ச், சனிக்கிழமை முற்பகல். மின்வெட்டு நேரம். டார்ச் செல் வாங்க நான் நுழைந்த மின்சாமான் கடையில் ஒரு முதிய தம்பதி நிற்கிறார்கள். அம்மாள் மகளின் பிரசவத்துக்காகத் தனியாக லண்டன் போகிறார். முழங்கால் ஒத்தடத்துக்கான ஹீட்டிங் பேடை அங்கே மாட்ட அடாப்டர் வாங்கியிருக்கிறார்கள். கடையின் சோதனைப் பலகையில் லண்டன் சாக்கெட்டும் இருக்கிறது. அம்மாளின் கையைப் பிடித்து, கொண்டுவந்த பேடின் பிளக்கை அடாப்டரோடு அதில் செருகக் கற்றுத்தருகிறார் கணவர்.

“கரண்ட் இல்லாதபோது வந்திருக்கிறீர்களே?” என்கிறேன்.

“அதுக்குத்தான் சார் இந்த நேரம் பாத்து வந்தேன். ஆத்துல இவளை ஒரு பிளக்கையும் தொட விட்டதில்லை.”

மறுபடி செருகும்போது தலைக்கு மேல் மின்விசிறி சுழல ஆரம்பிக்கிறது. கணவரின் பிடி இறுகுகிறது.

“ஒண்ணும் ஆகலை. கையை விடுங்கோ” என்கிறார் அம்மாள்.

கணவர் விடுகிறார். அம்மாள் பிளக்கை உருவி, தானே செருகுகிறார். சற்றுப் பொறுத்து, பேடை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைக்கிறார்.

“சூடு வரதா, பாருங்கோ.”