வட்டத்தில் சேராத இரண்டு தண்டவாளங்கள்

பொதுமக்களின் கவனத்துக்கு: சென்ற சனிக்கிழமை முதல் என் வலது கட்டைவிரல் நகம் நீலமாகிவிட்டது. இரங்கல் கூட்டம் எதுவும் வேண்டாம். தண்டவாளம் தூக்கியதில் என் தண்டுவடமும் ராஜினாமா கேட்கிறது.

அமீரகத்தில், ராஸ் அல் கைமா பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு பூங்காவில் குட்டி ரயில் பாதை இருந்தது. ஞாயிறன்று அது பழைய இரும்புக்குப் போகவிருந்தது. எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை சலீம் பாய், அதில் ஒரு வட்டத்தை மட்டும் கேட்டு வாங்கியிருந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் அவர் மகள் போகும் சிறப்புப் பள்ளியின் முற்றத்தில் போடுவதற்கு. மகளிடம் வாக்கும் கொடுத்தாயிற்று.

நாங்கள் இருக்கும் அஜ்மானிலிருந்து சனிக்கிழமை காலை 5.40க்குப் புறப்பட்டோம். எழுபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வழியில் கரக் சாயா, அதாவது ஏலக்காய் போட்ட கெட்டிப் பால் டீ, ஒன்றரை திர்ஹாம், சுமார்தான்.

ஒன்பது பேர், இருபத்துநான்கு துண்டுகள். திருகு ஓட்டைகள் கையால் போட்டவை என்பதால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு மட்டும்தான் சேரும். அதனால் கழற்றும் முன்பே சாக்பீஸால் எண் எழுதினோம். பத்து மணிக்குள் எல்லாம் கழன்றுவிட்டது, எங்கள் இடுப்பு உட்பட. நிழலில் உட்கார்ந்து பிளாஸ்க் சாயா ஒரு சுற்று.

லாரியில் ஏற்றும் முன் மணலில் வட்டத்தைச் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றார் பாய். சேரவில்லை. எந்த ஓட்டை தேய்ந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். வெயில் ஏறியது, தண்ணீர் தீர்ந்தது. லாரி ஓட்டுநர் கடிகாரத்தைக் காட்டினார். "பன்னெண்டு மணிக்கு கேட் பந்த், பாய். அப்புறம் கலாஸ், எல்லாம் முடிஞ்சது."

பாய் மணலில் உட்கார்ந்துவிட்டார். "சேராத இரும்ப பள்ளிக்கூடத்துல எறக்கி என்ன செய்ய? புள்ளைகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

அப்போது மணி 11.35. நான் எழுந்து போய், நான்காவதையும் ஒன்பதாவதையும் இடம் மாற்றச் சொன்னேன். டக்கென்று சேர்ந்தது. 11.56க்கு லாரி கேட்டைத் தாண்டியது.

"ஒனக்கு மூளை இருக்குது வாப்பா," என்று பாய் அவகாடோ ஜூஸ் வாங்கித் தந்தார். பெரிய கப்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் தடித்த கையுறையும் ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் எடுத்துப்போங்கள். எண்களை அழியாத மையில் எழுதுங்கள். சாக்பீஸ் என்றால், எல்லோரும் சாயா குடிக்கும்போது யாராவது நான்கையும் ஒன்பதையும் அழித்து மாற்றி எழுதிவிட்டுச் சிரிக்கக் காத்திருக்கலாம். அத்தனை பேர் வியர்வையில் நனைந்து நிற்கும்போது சிரிப்பும் வராது, உண்மையும் வராது.

என் கெட்டிக்காரத்தனத்தைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் பாய் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் சனிக்கிழமையிலிருந்து அடுத்த தெருக் கடையில்தான் பால் வாங்குகிறேன்.