விசிறிக்கு வைத்த விளக்கு

ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த டாக்சி ஸ்டாண்டில் அவரை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்கவே வேண்டாம், அவர் வண்டியில் ஒரு தடவை ஏறினால் போதும். சாவியைத் திருகும்போதே பேச்சும் ஆரம்பித்துவிடும். பெட்ரோல் விலை, மாப்பிள்ளை தேடும் தொல்லை, பல் பிடுங்கினால் எத்தனை நாள் வலிக்கும் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். போகிற இடம் வந்து இறங்கும்போது, தான் வாயைத் திறந்ததாகவே பயணிக்கு ஞாபகம் இருக்காது.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. பேசவும் செய்வார், கேட்கவும் செய்வார். கடைசி இரண்டு மூன்று வருடங்களாகத்தான் இந்த அடைமழை. அதன் காரணம் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். காது மந்தமாகிக்கொண்டே வந்தது. தானே பேசிக்கொண்டிருந்தால் எதிராளி சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் வராது. வாயை வைத்துக் காதை மறைத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

அவருடைய கார் இரண்டு கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. பழசானாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். கோடைகாலத்தில் நெரிசலில் மாட்டினால் மட்டும் அதற்கு ஆகாது. வேகமாக ஓடும்போது எதிர்காற்று எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஊர்ந்து போகும்போது அதற்கு முன்னால் இருக்கும் மின்விசிறிதான் கதி. அந்த விசிறியோ, தண்ணீர் கொதிக்கப் போகிறது என்ற கட்டம் வந்த பிறகுதான் சோம்பல் முறித்துக்கொண்டு எழும். அதனால் அவர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, வண்டிக்குள் ஹீட்டரைப் போடுவார். எஞ்சின் சூட்டில் பாதி உள்ளே வந்துவிடும். எஞ்சின் பிழைக்கும், பயணிகள்தான் வெந்துபோவார்கள்.

“எங்களை வேகவெச்சுத்தான் இறக்கிவிடுவீங்களா?” என்று ஒருவர் கேட்டே விட்டார்.

சூட்டைக் காட்டும் முள் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காகிறது. அவர் அதைப் பழுது பார்க்கவில்லை. விசிறி சுற்ற ஆரம்பித்தால் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம்தான் அவருக்குக் கணக்கு. காது நன்றாக இருந்தவரை அது போதுமானதாகவும் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பெரிய பாலத்தின் நடுவில் வண்டிகள் நகராமல் நின்றன. பின் இருக்கையில் தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண். அவர் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார். விசிறி ஓடும் சத்தம் லேசாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. உண்மையில் அது பக்கத்தில் நின்ற பஸ்ஸின் உறுமல். விசிறிக்குப் போகும் ஒயர் கருகி, விசிறி அசையாமல் கிடந்தது. திடீரென்று எஞ்சினை மூடும் முன்மூடியின் இடுக்குகளில் இருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியபோதுதான் அவர் பேச்சு நின்றது.

அந்தப் பெண் குழந்தையோடு இறங்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வெயிலில் நின்றாள். குழந்தை வீறிட்டு அழுதது.

“ஏதோ கருகற வாசனை வருதுன்னு ரெண்டு தடவை சொன்னேங்க. நீங்க காதுலயே போட்டுக்கல” என்றாள். அவள் கத்தவில்லை. முகத்துக்கு நேரே நின்று சொன்னதால் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு விளங்கியது.

அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நின்ற இன்னொரு டாக்சியில் ஏற்றி அனுப்பினார். பிறகு, எஞ்சின் ஆறும்வரை அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்றார். உள்ளே தீப்பிடித்திருந்தால்? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

மறுநாள் காலையில் மனைவியின் தம்பியுடைய பட்டறைக்குப் போனார். கார்களுக்கு ஒயரிங் பார்ப்பதுதான் அவன் தொழில். எஞ்சினுக்குச் சேதமில்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு, “தப்பிச்சீங்க மாமா. ஒயரை மாத்திட்டா போதும்” என்றான்.

“அது மட்டும் போதாது மாப்ளே. இந்த விசிறி சீக்கிரமாவே சுத்த ஆரம்பிக்கணும். கொதிச்சப்புறம் சுத்தி என்ன பிரயோஜனம்?”

“பண்ணிடலாம். ரேடியேட்டர்ல ஒரு ஸ்விட்ச் இருக்கு. தண்ணி இவ்வளவு சூடானா விசிறியைப் போடுன்னு அதுதான் சொல்லும். அதைவிடக் குறைஞ்ச சூட்டுல போடற ஸ்விட்சா பாத்து மாட்டறேன். ஆனா ரொம்பக் கீழ இறக்க முடியாது. எஞ்சினுக்கும் கொஞ்சம் சூடு வேணும். இல்லேன்னா விசிறி நாள் பூரா நிக்காம சுத்தி மோட்டார் போயிடும்.”

“சரி. நான் நெனச்சப்ப போடறதுக்கு என் கைக்கிட்ட ஒரு ஸ்விட்சும் வேணும். அப்புறம் ஒரு சின்ன லைட்டு.”

“லைட்டு எதுக்கு?”

“விசிறி ஓடுதுன்னு தெரியறதுக்கு.”

“அதான் கர்ருனு ஊரைக் கூட்டுமே மாமா!”

“இருக்கட்டுமே. பாக்க அழகா இருக்கும். ஆனா ஒண்ணு, ஸ்விட்சைப் போட்டாலே எரியற லைட்டு வேண்டாம். விசிறிக்கு நெசமாவே கரண்ட் போனாத்தான் எரியணும்.”

மைத்துனன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். அழகுக்கு லைட் கேட்கிறவர் இத்தனை நிபந்தனை போடுவாரா என்று யோசித்திருக்கலாம். ஆறிய ரேடியேட்டரில் இருந்து தண்ணீரை வடித்து, பழைய ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டினான். விசிறி இழுக்கும் கரண்ட் முழுவதும் கைப்பக்கத்து ஸ்விட்ச் வழியாகப் போனால் அது உருகிவிடும் என்று நடுவில் அந்தக் கரண்டைத் தாங்கும் ரிலே ஒன்றை வைத்தான். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும்படி இணைத்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சை விளக்கு முளைத்தது.

வண்டி அடியோடு மாறிவிட்டது. நெரிசலில் கால் மணி நேரம் நின்றாலும் கொதிப்பதில்லை. சிக்னலில் நீண்ட வரிசையைப் பார்த்தால், முன்கூட்டியே தானே விசிறியைப் போட்டுவிடுவார். பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தால் அவருக்குப் பெற்ற பிள்ளை பாஸான மாதிரி இருக்கும். ஹீட்டர் பக்கம் கையே போகவில்லை. காதை ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைத்து முடித்த திரைகளைக் கடையில் கொடுப்பதற்காக வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றதும் பச்சை விளக்கு எரிந்தது.

“இது என்ன புதுசா?” என்று கையை நீட்டிக் காட்டினாள்.

“விசிறி ஓடுதுன்னு அர்த்தம். உன் தம்பி வெச்சுக் கொடுத்தான்.”

அவள் விளக்கைப் பார்த்தாள். விசிறி முன்னால் கர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. நடைபாதையில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாதாரணமாக வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்:

“உங்களுக்குக் காது கேக்கல, இல்ல?”

“ஆமாமா” என்றார் அவர். “இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான்.”

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தற்செயலாகப் பார்த்தபோது, மடியில் இருந்த திரைத்துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினார்.

“என்னாச்சு? ஏன் அழற?”

அவள் அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “எத்தனை நாளா இப்படி? என் காதுல பூ சுத்தாம சொல்லுங்க.”

அவர் மென்று விழுங்கினார். கடைசியில், “ரெண்டு மூணு வருஷம் இருக்கும்” என்றார்.

“பாவி மனுஷா! சமையல் ரூம்லேர்ந்து நான் பாட்டுக்குப் பேசுவேன், நீங்க பதிலே சொல்ல மாட்டீங்க. என்னைப் பிடிக்காம போயிடுச்சு, பேசக்கூட இஷ்டம் இல்லைன்னு நெனச்சு நானும் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்.”

அவர் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். “நீதான் என்கிட்ட பேசறதையே விட்டுட்டியோன்னு நான் நெனச்சேன்.”

பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவருக்கு அது கேட்கவில்லை. அவள்தான் கையை வெளியே நீட்டி, சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள்.

“வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்னு பயம்” என்றார். “ஸ்டாண்டுல கேலி பண்ணுவாங்க. வண்டியை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

“குழந்தையோட ஒருத்தி பாலத்துல நின்னதைச் சொன்னீங்களே. அதைவிடவா கேலி பெருசு?”

அவர் வண்டியைக் கிளப்பினார்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார். கருவி வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று மனைவி சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பிறகு கருவியோடு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர்கள் சோதித்துப் பார்த்து, கருவி இல்லாமல் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்.

கருவி மாட்டிய முதல் நாள் வீட்டுக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “உன் மெஷின் இவ்வளவு சத்தம் போடுமா?”

“வாங்கின நாள்லேர்ந்து இப்படித்தான்.”

“நான் ஏன் கத்தறேன்?”

“அதுவும் ரொம்ப நாளாவே இப்படித்தான். நம்ம வீட்டுக்கு வழி கேக்கறவங்களுக்கு உங்க குரல்தான் அடையாளம்.”

அவர் அசடு வழியச் சிரித்தார். அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் இருந்து என்னென்னவோ சொன்னாள். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவது, நூல் அறுந்துகொண்டே இருப்பது, மகளுக்குச் சளி பிடித்திருப்பது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அவர் நாற்காலியை சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஸ்டாண்டில் தானே முந்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு வாரம் சிரித்தார்கள், ரேடியோவுக்குப் புது ஆன்டெனா வந்துவிட்டது என்றார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டு பேர் அவருடைய விசிறி வேலையைப் பார்த்துவிட்டு, தங்கள் வண்டிக்கும் அதேபோல் செய்துகொண்டார்கள். மைத்துனனுக்கு வேலை பெருகியது.

ஒரு நாள் அந்த ஸ்டாண்டிலேயே முரட்டு ஆள் என்று பேர் வாங்கிய மீசைக்காரர் அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ரிலே எந்தப் பக்கம், ஒயர் எந்தத் தடிமன், ஸ்விட்ச் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் முன்மூடியைத் தூக்கிக் காட்டி விளக்கினார். எல்லாம் கேட்டு முடித்த பிறகும் மீசைக்காரர் நகரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

“அண்ணே, அந்தக் காது டாக்டர் எங்க இருக்காங்க?”

“வண்டியில ஏறு” என்றார் ரேடியோ. “நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.”