பக்கீர் பாய் வெட்டி எடுத்த துண்டு

இது கதை இல்லை. கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போலிஸில் சொன்னேன். கோயில் பூசாரியிடம் சொன்னேன். பெற்ற அம்மாவிடமும் சொன்னேன். எல்லாரும் என்னை ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். நீங்களும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

1984. கல்யாணமாகி ஒரு வருஷம். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் சுங்கை சிப்புட்டில் மணல் லோரி ஓட்டினார். நான் ஈப்போவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது டிஸ்கோ பாட்டு என்றால் உயிர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பக்கீர் முகம்மது என்பவரின் கேசட் கடை. வேலை விட்டதும் அங்கே போய் நின்றுவிடுவேன். ரேடியோவில் மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு அவர் கடையில் எட்டு நிமிடம் ஓடியது. பாடுகிறவள் பாதியில் காணாமல் போனாள். டிரம் மட்டும் தனியாக நடந்தது. பிறகு ஒரே ஒரு வார்த்தையோடு அவள் திரும்பி வந்தாள். அதே வார்த்தை, அதே வார்த்தை, அதே வார்த்தை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இது யாரு பாய் பாடுனது?"

"பாடுனவள விடு தங்கச்சி. வெட்டி ஒட்டுனவன் யாருன்னு கேளு."

பெரிய இசைத்தட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பாடகியின் பெயருக்குக் கீழே, எறும்பு அளவில் இன்னொரு பெயர் இருந்தது. பாட்டைத் துண்டு துண்டாக உடைத்து, ஆடுவதற்கு ஏற்ற மாதிரி மறுபடி கட்டுகிறவன் அவன்தானாம். அதற்கு ரீமிக்ஸ் என்று பெயராம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றிலிருந்து கடைக்குப் போனால் பாடகர் படத்தைப் பார்க்க மாட்டேன். அந்தக் குட்டிப் பெயரைத்தான் தேடுவேன். நாளடைவில் எங்கே வெட்டினான், எங்கே ஒட்டினான் என்பது காதிலேயே பிடிபட ஆரம்பித்தது.

பக்கீர் பாயும் அதே வேலையைச் செய்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. பெரிய டேப் சுருள் ஓடுகிற மிஷின் இரண்டு, சவர பிளேடு ஒன்று. ஊர் ஊராகப் போய் சத்தம் பிடித்து வருவார். ரப்பர் ஷீட் உருட்டுகிற மிஷின், ஈயச் சுரங்கத்துப் பம்பு, தகரக் கூரையில் மழை. எல்லாவற்றையும் வெட்டி டிரம்மோடு சேர்ப்பார். நல்ல மனிதர். இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஜூலை மாதம் ஒரு நாள், "புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன், கேளு" என்றார்.

முதலில் மழை. மழைமேல் டிரம். பிறகு தூரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"பத்துமலை... பத்துமலை... பத்துமலை..."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"என்னா சிரிப்பு?"

"எங்க வீட்டுக்காரர் பேரு பாய்."

"எது?"

"அதான்... இப்ப அவ கூப்பிட்டாளே, அது."

"சொல்ல வாய் வரலியாக்கும்!" என்று அவரும் சிரித்தார்.

வராதுதான். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். எழுதச் சொன்னால் எழுதுவேன். வாயால் சொன்னதே இல்லை. வீட்டில் என்னாங்க, இந்தாங்க, அவ்வளவுதான்.

"யாரு பாய் அவ?"

"தெரியலியே. போன மாசம் சுங்கை சிப்புட் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். ஆளில்ல, எல்லாம் காலி பண்ணிட்டாங்க. மிஷின லயத்துக் கடைசி வீட்டு வாசல்ல ஓட விட்டுட்டு, தள்ளி ஒரு கொட்டாயில ஒதுங்கி நின்னேன். அங்க இருந்தப்ப எனக்கு மழைதான் கேட்டுச்சு. இங்க வந்து போட்டப்பதான் பொம்பள குரல் இருந்துச்சு."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டேன். ஒரு காப்பி எடுத்து, "உன் வீட்டுக்காரருக்கு என் பரிசு" என்று கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அலாமாக், நான் பெரிய ஆளு ஆயிட்டேன்லா!" என்றார். லோரியிலும் அதுதான் ஓடியது. வீட்டிலும் அதுதான் ஓடியது. ஒரு வாரம், இரண்டு வாரம்... எனக்கே சலித்துவிட்டது. அவருக்குச் சலிக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். "வாரேன்" என்றார்.

"யாருக்குங்க வாரேன்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

இன்னொரு நாள், மாலை ஆறே காலுக்குக் கரண்டு போனது. கேசட் நின்றுவிட்டது. அவர் விரல் மட்டும் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஆறு இருபத்தாறுக்குக் கரண்டு வந்தது. கேசட் விட்ட இடத்திலிருந்து ஓடியது. டிரம்மும் அவர் விரலும் ஒன்றாக விழுந்தன. ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.

அன்றே கேசட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். காலையில் எழுந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு:

"அரிசிக்குள்ள இருந்து கூப்பிடுறா. எடுத்து வெளிய வை."

அழுதேன். கெஞ்சினேன். கோயிலுக்கு இழுத்துப்போய்க் கறுப்புக் கயிறு கட்டினேன். அவர் என் தலையைத் தடவினார்.

"பயப்படாத நவமணி. எனக்கு அந்தக் குரல் தெரியும்லா. ரொம்பத் தெரிஞ்ச குரல். யாருன்னுதான் புடிபடல. பாவம், எப்படி அழுவுறா பாரு."

கேசட்டில் அழுகை எதுவும் இல்லை.

"என்னை விட்டுட்டுப் போயிராதீங்க" என்றேன்.

"நான் எங்க போவப் போறேன், பைத்தியம்" என்றார்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்தரை. அவர் லோரியில் கெலிண்டானாக, கை உதவிக்கு உடன் போகிற ராமையா, யாருடைய மோட்டார் சைக்கிளையோ வாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்து நின்றான்.

"அக்கா, அண்ணே ரோட்டோரம் லோரிய நிப்பாட்டிட்டு தோட்டத்துக்குள்ள நடந்து போறாருக்கா. கத்திப் பாத்தேன். திரும்பவே இல்ல."

"எந்தத் தோட்டம்?"

அவன் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். லோரி நின்றிருந்தது. கதவு திறந்து கிடந்தது. எஞ்சின் ஓடவில்லை. சாவியும் இல்லை. கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்... மழை... அவள்.

பிடுங்கிச் சேற்றில் எறிந்தேன். ராமையாவைப் போலிஸுக்கு ஓடச் சொன்னேன். அவன் "வேணாங்கா, தனியா போவாதீங்க" என்றான். என் புருஷன் உள்ளே இருக்கும்போது நான் ரோட்டில் நிற்பதா? நடந்தேன்.

இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரம். யாரும் சீவாத மரங்கள். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் வரிசையாக நின்றது. கூரை இல்லை. கதவு இல்லை.

"என்னாங்க...! என்னாங்க...!"

மழைதான்.

கடைசி வீட்டு வாசலில் நின்று மறுபடி கத்தினேன். என்னாங்க என்றால் யாருக்குத் தெரியும், எந்தப் புருஷனுக்குத் தெரியும்? இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். ஆயுசாவது ஒன்றாவது. ஆள் கிடைத்தால் போதும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன்.

"பத்துமலை...!"

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "சாமி, அவர குடுத்துரு, நான் வேற ஒண்ணும் கேக்கல" என்று அழுதேன். மறுபடி அவர் பெயர். மறுபடி.

அப்போதுதான்...

எனக்குப் பின்னால்.

சளக்.

சேற்றில் ஒரு காலடி.

சளக்... சளக்...

நின்றது. என் முதுகுக்கு நேர் பின்னால். யாரோ மூச்சு வாங்கும் சூடு என் பிடரியில் பட்டது.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே ஒன்று தெரியும். இருட்டில் பின்னால் காலடி கேட்டால் திரும்பக் கூடாது. திரும்பினால் அது பிடித்துக்கொள்ளும்.

நான் திரும்பவில்லை.

முருகா முருகா என்று நடந்தேன். அதுவும் நடந்தது.

சளக்... சளக்... சளக்...

நான் நின்றால் அது நின்றது.

லோரி கண்ணில் பட்டது. ஓடினேன்.

தார் ரோட்டில் கால் வைத்தேன். காலடி நின்றுவிட்டது. மணி ஏழு இருபது.

மூன்று நாள் தேடினார்கள். போலிஸ், லோரிக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். குட்டைகளில் இறங்கிக்கூடப் பார்த்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அவரு போனாலும் நீ திரும்பாம வந்தியே, நீயாச்சும் பொழச்ச" என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒன்று தோன்றியது. அந்தப் பெண் யார்? அவளைக் கண்டுபிடித்தால் அவர் எங்கே என்று தெரியும். காலையிலேயே ஈப்போவுக்கு ஓடினேன். பக்கீர் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பாய், வெட்டினது வேணாம். முழு டேப்பையும் போடுங்க."

அட்டைப் பெட்டியிலிருந்து சுருளை எடுத்தார். பெட்டிமேல் அவர் கையெழுத்தில் ஜூன் மாதத் தேதி இருந்தது. மிஷினில் மாட்டினார்.

மழை. வெறும் மழை. பிறகு...

"என்னாங்க...! என்னாங்க...!"

பாய் மிஷினைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"பத்துமலை...!"

தோட்டத்துக்குப் போகும்வரை அந்தப் பெயரை நான் சொல்லி நானே கேட்டதில்லை. எப்படித் தெரிந்திருக்கும் எனக்கு? ரீமிக்ஸில் பெயர் மட்டும்தான் இருந்தது. இங்கே எல்லாமே இருந்தது. அழுகை இருந்தது.

"சாமி, அவர குடுத்துரு, நான் வேற ஒண்ணும் கேக்கல..."

நான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பிடித்த டேப்பில்... நான்.

"யா அல்லாஹ்" என்றார் பாய். நிறுத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

மறுபடி என் குரல். மறுபடி. அதற்குப் பிறகு மழைச் சத்தம் ஓர் இடத்தில் லேசாகத் துள்ளியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"இங்க வெட்டியிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு ஆம்பள குரல் குறுக்க வந்துச்சு தங்கச்சி. மிஷின் பக்கத்துலயே. என்னா பேசுறான்னு கவனிக்கல. தாளத்துக்கு ஒத்து வரலன்னு எடுத்துட்டேன்."

"எங்க அது?"

மேசைக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தார். உள்ளே வெட்டிப் போட்ட டேப் துண்டுகள், குப்பையாக. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில் இரண்டு முழ நீளத்தில் ஒரு துண்டு. இருந்த இடத்திலேயே வைத்து ஒட்டினார்.

ஓட விட்டார்.

மழை.

சளக்... சளக்...

காலடி நின்றது. பிறகு என் புருஷனின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக, என் காதோரம் பேசுகிற மாதிரி.

"வந்துட்டேன்லா நவமணி. உன் பின்னாலதான் நிக்கிறேன்... திரும்பிப் பாரு."

அப்புறம் நான் நடந்து போகிற சத்தம்.