பாலத்துக் காட்சி
தையல்காரி அந்தப் போர்ப் படத்துக்கு மூன்றாவது முறையாகப் போனாள். முப்பது வருஷத்துக்கு முன் நிஜமாக நடந்த சண்டை அது. அதில்தான் அவளுடைய அண்ணன் இறந்தான். முதல் இரண்டு முறையும், பாலத்தில் குண்டு விழத் தொடங்கியதுமே எழுந்து வந்துவிட்டாள்.

"எதுக்கு உன்னை நீயே வதைச்சுக்கிற?" என்றார் கணவர்.

"அண்ணன் கடைசியா எதைப் பார்த்தான்னு எனக்குத் தெரியணும்ங்க."

இந்த முறை நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி முழுவதையும் பார்த்தாள். சுற்றிலும் விசும்பல் கேட்டது. அவள் கண்ணை மூடவில்லை.

வெளியே படிக்கட்டில் ஒருவர், "ரொம்ப ஓவரா காட்டிட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

"ஓவரெல்லாம் இல்லீங்க. அந்தப் பாலத்துல எங்க அண்ணன் இருந்தான்" என்றாள் தையல்காரி.

அவர் முகம் மாறியது. "அவரு எப்படிப்பட்டவரும்மா?" என்று கேட்டார்.

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து, அண்ணன் விட்ட குறட்டைக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பித்தாள்.