பனியில் ஒரு வரப்பு

இன்று காலை கதவைத் திறந்தால், என் வாசல் பனியில் பாதியை யாரோ வாரியிருந்தார்கள். கனடாவில் எனக்கு இது முதல் குளிர்காலம். பனி வார வாங்கிய மண்வெட்டியில் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. வாரியவர் பக்கத்து வீட்டுக் கனடாக்காரர்தான். அவர் மண்வெட்டித் தடம் அவர் வாசலிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்திருந்தது. யார் முதலில் பனி வாருவது, யார் வீட்டுப் புல் பச்சை, யார் வீட்டுப் பண்டிகை விளக்கு அதிகம் என்று இந்தத் தெருவில் ஓயாத போட்டி. ஆனால் ஒருவரும் அதைப் போட்டி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிரித்துக் கையசைப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்ப முடியாமல் நின்றபோதுதான் பெரியப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். பண்ணையில் கூலிக்கு உழைத்த பெரியப்பாவுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்தது ஒரே ஒரு வயல். அதற்குக் கீழ் வயல் அவருடைய பங்காளிக்கு. ஒரே கொடியைப் பிடித்துப் போராடி நிலம் வாங்கியவர்கள்தான் இருவரும். வாங்கிய பிறகு நடுவிலிருந்த வரப்பு அவர்களைப் பிரித்துவிட்டது. நடவுக்கு முன் வரப்பின் ஓரத்தைச் செதுக்கிச் சேறு பூசுவதை அண்டை வெட்டுவது என்போம். வருஷா வருஷம் தன் வயல் கொஞ்சம் அகலட்டும் என்று இருவரும் தங்கள் பக்கத்தில் ஒரு பிடி அதிகமாகவே செதுக்கினார்கள்.

ஒருமுறை பெரியப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து போய்ப் பார்த்தால், பங்காளி இரண்டு பக்கமும் அண்டை வெட்டி முடித்திருந்தார்.

"காய்ச்சல் எனக்குத்தானேடா தம்பி? வரப்பு ஏன் என் பக்கமா வந்து படுத்திருக்கு?"

"உங்களுக்கு முடியலையேன்னு வெட்டினேன் அண்ணே. நல்லதுக்குக் காலமில்ல."

"நல்லது செய்றவன் எதுக்குடா ஆள் வர்றதுக்குள்ள செய்யணும்?"

சொல்லிக்கொண்டே பெரியப்பா வரப்பை மறுபடி செதுக்கினார். அது கால் வைக்க முடியாத அளவுக்கு மெலிந்துபோனது. ஐப்பசி அடைமழையில் உடைந்தது. மேல் வயலின் சேறும் உரமும் கீழே போயின. கீழ் வயலில் நட்ட நாற்று மூழ்கி அழுகியது. அந்த வருஷம் இரண்டு வீட்டுக் களத்திலும் நெல் இல்லை. இடிந்த கரையில் நின்றபடி பெரியப்பா சொன்னார்: "பாத்தியா, கேக்காமலே என் உரத்தையும் எடுத்துக்கிட்டான்."

அன்று விழுந்து விழுந்து சிரித்தவன் நான். இன்று விலைச்சீட்டைக் கிழித்தேன். என் வாசலில் மிச்சமிருந்த பனியை வாரினேன். கை நிற்கவில்லை, பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் இருந்ததையும் வாரி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ஜன்னல் திரை விலகியது. கனடாக்காரர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. என் மண்வெட்டி எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு சிரித்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

'ஆள் வர்றதுக்குள்ள எதுக்குடா செய்யணும்' என்ற பெரியப்பாவின் கேள்வியை அவர் எந்த மொழியில் கேட்டுக்கொண்டாரோ. நாளைக்கு இன்னும் முன்னதாக எழுந்துவிட வேண்டும்.