தாலி கட்டும் இடத்தில் நின்ற சீடி

பிள்ளைகளே, சீடித் தட்டு வெளியே வரும்போது "க்ர்ர்" என்று ஒரு சத்தம் எழும். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், அது கேட்டால் போதும், ரொட்டியைக் கல்லில் போட்டவர்கள்கூட அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார்கள்.

எனக்குப் பத்து வயதில், என் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில்தான் பெரியக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "வீடியோ புடிச்சு வைங்க, வந்து பாத்துக்குறேன்" என்று போனில் அழுதார். பூண்டுலோயாவிலிருந்து வந்த வீடியோக்காரர், ரோஜாப்பூ விரிந்து அதற்குள் அக்காவும் மச்சானும் சிரிக்கிற மாதிரி ஒரு சீடி செய்து கொடுத்தார்.

அடுத்த வருஷம் அம்மா வந்தார். அவர் கொண்டுவந்த "டெக்"கில் அந்தச் சீடியைப் போட, அடைமழையில் நனைந்த உடுப்போடு லயமே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தது. மாலை மாற்றினார்கள், மேளம் உயர்ந்தது, பூசாரி தாலியை நீட்டினார். படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. துடைத்தோம், ஊதினோம், மறுபடி போட்டோம். அதே இடத்தில் நின்றது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் காம்பரா மாமா எழுந்தார். "என்னா மாப்ள, வேடிக்கை பாக்குறீங்க? எழும்பிக் கட்டுங்க!"

"ரெண்டாந்தரம் தாலி கட்டப்படாதுய்யா!" என்று பதறினார் அப்பா.

"அப்ப இந்த மப்ளரக் கட்டட்டும். குளிருக்கும் ஆச்சு!"

பிஸ்கட் டின் மேளமானது. அக்கா வெட்கத்தில் குனிய, மச்சான் மப்ளரில் மூன்று முடிச்சுப் போட்டார். அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு அள்ளி அள்ளித் தூவினார். "போதும்மா, நாளைக்குச் சோறாக்கணும்!" என்று அக்கா கத்தினாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "நான் பாத்த கல்யாணம் இதுதான்" என்றார்.

இப்போது எந்தக் கல்யாணத்தையும் போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். சீடியும் இல்லை, டெக்கும் இல்லை. ஆனால் ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் அதே சீடியைப் போட்டேன். கூட்டத்தின் மூச்சும் ஈரமும் டெக்கில் காய்ந்துவிட்டன போலும். தாலி கட்டும் இடம் தடையில்லாமல் ஓடியது. அக்காவுக்குப் பக்கத்தில், அம்மா நிற்க வேண்டிய இடத்தில், ஓர் அத்தை நின்றிருந்தார்.

நிறுத்தினேன். சீடியை உறையில் போட்டு, மேலே பேனாவால் "பழுது" என்று எழுதி வைத்தேன்.