கறுப்பு பெல்ட்டுக்கு எத்தனை நாள்?

எதையாவது சொல்லிக்கொடுக்கிற தொழிலில் இறங்கியவர்களிடம் யாரும் "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை, "எத்தனை நாளில் முடியும்?" என்றுதான் கேட்கிறார்கள். வீணை சொல்லிக்கொடுப்பவர்களும், ஹிந்தி சொல்லிக்கொடுப்பவர்களும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவர்களும் இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன். ஆனால் என் கஷ்டம் அவர்களுடையதைவிட ஒரு பங்கு ஜாஸ்தி. நான் சொல்லிக்கொடுப்பது ஜூடோ.

ஜூடோ என்றால் ஜப்பான் தேசத்து மல்யுத்தம். எதிராளியின் சட்டையைப் பிடித்து, அவர் பலத்தை வைத்தே அவரைக் கீழே தள்ளுவது. அதை நான் பினாங்கில் கற்றேன். அப்பாவுக்கு அங்கே துறைமுக ஆபீசில் உத்தியோகம். பக்கத்துத் தெருவில் ஜப்பானியப் பல் டாக்டர் ஒருவர் மாலை வேளையில் ஆண்களுக்கு வகுப்பு நடத்தினார். அவர் மனைவி பெண்களுக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு வெள்ளை பெல்ட், தேறினால் பழுப்பு, கடைசியில் கறுப்பு. அந்த அம்மாள் கட்டியிருந்த கறுப்பு பெல்ட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பெண்கள் பெல்ட் என்றால் அப்படித்தானாம். ஆண்களுக்கு இல்லாத கோடு நமக்கு மட்டும் எதற்கு என்று பதினோரு வயதில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கிப் போட்டார். அது என் கேள்விக்குப் பதிலே அல்ல என்று இன்றைக்கும் வாதாடத் தயார்.

யுத்தம் நெருங்கியதும் கப்பலேறி வந்துவிட்டோம். அப்போது என் இடுப்பில் இருந்தது பழுப்பு. இப்போது சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஹாஸ்டல் வார்டனிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாசஞ்சர் ரயிலில் கடலூர் வந்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட ஹாலில் மாதர் சங்கத்துக்காக வகுப்பு எடுக்கிறேன். அங்கே இருபது பேர் என்னிடம் கறுப்பு பெல்ட்டுக்கு எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். நானோ அதை இன்னும் வாங்காதவள். தான் முடிக்காத பாடத்தை மற்றவர்களுக்கு நடத்தியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் நிலை புரியும்.

முப்பதாம் நாள்

முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் மட்டும் நாற்பதைத் தாண்டியவர். பெயர் செல்லம்மாள். காடாம்புலியூர் முந்திரி வியாபாரியின் மனைவி. பிள்ளைகளின் படிப்புக்காக மஞ்சக்குப்பத்தில் வீடு எடுத்து இருக்கிறார். மகளுக்குக் காவலாகத்தான் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் நிக்கிறேன்" என்று வந்து வரிசையில் நின்றுவிட்டார். எடை என்னைப்போல் ஒன்றே முக்கால் பங்கு இருக்கும்.

நான் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று மூன்றையும் விளக்கினேன். பெல்ட் என்பது அலங்காரம் அல்ல, உழைப்பின் அடையாளம் என்று கொஞ்சம் பிரசங்கமும் செய்தேன். பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியில் கைதட்டு வாங்கும் வாக்கியங்கள். ஒருவரும் தட்டவில்லை. செல்லம்மாள் மட்டும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ஐந்தாறு வருஷம் ஆகலாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடுப்புல கறுப்புக் கவுறு கட்டிக்க ஆறு வருஷமா டீச்சரம்மா? எங்க வூட்டுல புள்ள பொறந்த முப்பதாம் நாளே கட்டிடுவோம்."

விழுவதற்கு ஒரு வகுப்பு

ஜூடோவில் முதல் மூன்று மாதம் வேறொன்றும் கிடையாது, விழப் பழகுவதுதான். தலை தரையில் படாமல், கையை ஓங்கித் தட்டி, பக்கவாட்டில் விழவேண்டும். விழத் தெரியாதவளை யாரும் தூக்கிப் போடக்கூடாது. இது எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. கடலூரில் வேறு ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் தடுக்கி விழுந்தாலே கெட்ட சகுனம் என்று தண்ணீர் தெளிக்கும் ஊரில், இருபது பெண்கள் வாரா வாரம் வேண்டுமென்றே விழுந்தால்?

மாதர் சங்கக் காரியதரிசி அம்மாள் ஒரு நாள் பார்வையிட வந்தார். கண்ணாடி, பட்டுக் கரைபோட்ட வெள்ளைப் புடவை, கையில் நோட்டு. நாங்கள் பொத் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தோம். அரைமணி நேரம் பார்த்தார். விழக் கற்றவளுக்குத்தான் பயம் போகும், பயம் போனவள்தான் நிமிர்ந்து நடப்பாள் என்று நான் இன்னொரு அரைமணி நேரம் வாதாடினேன். அவர் நோட்டை மூடினார். "பொண்ணுங்க சொந்தக் கால்ல நிக்கணும்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டினேம்மா. ஒருத்திகூட நிக்கக் காணோமே."

முந்திரிச் சாக்கு

சிமெண்டுத் தரையில் எத்தனை நாள் விழுவது? வைக்கோல் அடைத்த சாக்குகளைப் பரப்பினால் மெத்தையாகும் என்று சொன்னேன். மறு சனிக்கிழமை செல்லம்மாள் வீட்டு வண்டியில் முப்பது சாக்கு வந்து இறங்கியது. எல்லாம் காடாம்புலியூர் கிடங்கிலிருந்து வந்தவை. வைக்கோலை அடைத்து, தைத்து, பரப்பி, ஆனந்தமாக விழுந்தோம்.

அவை முந்திரி ஓடு கட்டிய சாக்குகள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஓட்டில் ஊறும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து, கறுத்து, உரிந்துவிடும் என்பதும் தெரியாது. பொருளாதாரம் படிக்கிறேன்; இந்த ஜில்லாவின் முந்திரி ஏற்றுமதியைப் பற்றி நான்கு பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறேன். அதில் எண்ணெய் என்ற சொல்லே இல்லை. புதன்கிழமைக்குள் பத்தொன்பது பேருக்கு முழங்கையும் தோளும் எரிந்தன. எனக்கும்தான். செல்லம்மாளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே புழங்கிய தோல். "இதெல்லாம் ஒரு சங்கதின்னு சொல்லணுமா?" என்று அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். சாக்குகளை மாற்றி, ஆளுக்கு ஆள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் முழங்கையை நீட்டிக் காட்டினாள். "பெல்ட்டு கறுக்க ஆறு வருஷம்னீங்க அக்கா. கை நாலே நாள்ல பாஸாயிடுச்சு."

லோயரா, ஹையரா

ஒரு வருஷம் ஓடியது. சங்கத்தின் கமிட்டியில் யாரோ கேட்டார்களாம்: இந்தப் பெண் எதுவரை பாஸ் செய்திருக்கிறாள்? காரியதரிசி அம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் என்று இருப்பதுபோல இதிலும் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது, என்னுடையது பழுப்பு என்றேன். அப்படியானால் லோயர் என்று எழுதிக்கொண்டார். தையல் வகுப்பு நடத்த ஒரு அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் ஹையர் பாஸ். கோடை விடுமுறைக்குள் நான் கறுப்பு பெல்ட் சர்டிபிகேட் காட்டாவிட்டால், ஹாலைத் தையல் மிஷின்களுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகை தாங்காது. என்னைவிடக் கோபம் செல்லம்மாளுக்கு. "தைக்கறதுக்கு எங்க தெருவுல டெய்லர் இருக்கான்" என்றார். விஷயம் என்னுடைய வேலை மட்டும் அல்ல. அந்த இருபது பேரில் பாதிப்பேருக்கு, வீட்டை விட்டுக் கிளம்பி, வாய்விட்டுக் கத்தி, வியர்க்க வியர்க்க நிற்பதற்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. காரியதரிசி அம்மாளிடம் போய் விளக்கினேன்: பரீட்சை வைக்க வேண்டியவர் பினாங்கு அம்மாள். அவர் யுத்தத்தில் என்ன ஆனார், எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எதுக்கும் ஒரு தந்தி அடிச்சுப் பாரேன்."

பரங்கிப்பேட்டையில் பகல் சாப்பாடு

அப்பாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. பல் டாக்டரின் ஆண்கள் வகுப்பில் ஹமீது என்று ஒருவர், ஜவுளிக்கடை சிப்பந்தி, யுத்தத்துக்கு முன்பே கறுப்பு பெல்ட் வாங்கியவர். யுத்தம் முடிந்ததும் சொந்த ஊரான பரங்கிப்பேட்டைக்குத் திரும்பிவிட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம்மாள் துணையோடு ரயிலில் போய், ஸ்டேஷனில் குதிரை வண்டி பிடித்து, வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் மனைவி எங்களை உள்ளே உட்காரவைத்து மீன் ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பு ஊற்றிச் சோறு கொண்டுவந்தார். எனக்குத் தயிர் வந்தது. செல்லம்மாள் இரண்டாம் முறை மீன் கேட்டு வாங்கினார். ஹமீது பாய் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

எனக்கு ஒரே ஒரு ஆவல்: அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்று? "ஒம்பது வருசம் தங்கச்சி. எனக்கப்புறம் வந்த ஒரு சீனப் பையன் மூணு வருசத்துல வாங்கிட்டான். ஏன்னு நானும் ரொம்ப நாளு யோசிச்சிருக்கேன், தெரியல" என்றார். இத்தனை நாளில் இந்தக் கேள்விக்கு நான் கேட்ட நாணயமான பதில் அது ஒன்றுதான். பரீட்சை வைக்க ஒப்புக்கொண்டார். விதி எளிது: என்னைவிட எடை கூடியவர், விழ இஷ்டமில்லாதவர், ஒருவர் வேண்டும். மூன்று முறையில் இரண்டு முறை அவரை முதுகு படப் போட வேண்டும். பினாங்கில் என்றால் அவரே எதிரே நின்றிருப்பார். இங்கே? நான் விதிகளைப் பற்றி வாதம் ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் ஒங்கள தூக்கிப் போட்டா எங்க ஜமாத்துல என்னைத் தூக்கிப் போடுவாங்க. நீங்க என்னைப் போட்டா ஒங்க சங்கத்துல ஒங்கள."

பரீட்சை

எடை கூடியவர் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷப் பயிற்சியில் செல்லம்மாளை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பயிற்சிக்கென்று நாங்கள் தைத்துக்கொண்ட காடாத் துணிச் சட்டையில் ஆட்டுக்கல்லைச் சுற்றி நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி நிற்பார்.

அந்தச் சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. கமிட்டி அம்மாள்கள் நாற்காலியில். வாசலோரம் ஹமீது பாயும் அவர் மனைவியும். முதல் தடவை நான் நெருங்கியதும் செல்லம்மாள் பழக்கதோஷத்தில் என்னைப் போட்டுவிட்டார். கமிட்டியில் ஒருவர் சிரித்தார். இரண்டாவது தடவை அவர் முன்னால் தள்ளினார். நான் தள்ளாமல் விலகி, திரும்பி, இடுப்பில் வாங்கினேன். வைக்கோல் தூசி பறக்க அவர் முதுகு மெத்தையில் அறைந்தது. அவர் முகத்தில் நிஜமான திகைப்பு. என் வாழ்க்கையில் அதைவிட இனிய சத்தம் கேட்டதில்லை.

மூன்றாவது. பிடித்தேன், திரும்பினேன், தூக்கினேன். பஞ்சு. தூக்குகிறவளுக்கு எடை பொய் சொல்லாது. தானாக வருகிற உடம்பு லேசாக வரும். செல்லம்மாள் அழகாக, நான் கற்றுக்கொடுத்தபடியே, கையைத் தட்டி விழுந்தார். கைதட்டல். காரியதரிசி அம்மாள்கூட எழுந்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஹால் பிழைக்கும், இருபது பேர் பிழைப்பார்கள், எனக்கு பெல்ட். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் சும்மாதான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. பிறகு, "இது கணக்கில் சேராது. அவர் தானாக விழுந்தார்" என்றேன்.

ஹமீது பாய்க்கு வருத்தமாகிவிட்டது. "எனக்குத் தெரியலியே தங்கச்சி. பாஸுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்." எல்லாரும் செல்லம்மாளைப் பார்த்தார்கள். அவர் மெத்தையில் உட்கார்ந்தபடியே கூந்தலை முடிந்துகொண்டு, "புள்ளைக்கு வேலை போயிடுமேன்னு வுழுந்தேன். அதுல என்னா தப்பு?" என்றார். நான் தப்பு என்ன என்று விளக்கினேன்; அவர் மறுத்தார்; பரீட்சை ஹாலில் கால்மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் ஹமீது பாய் மழைக்காலம் போனதும் மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அப்படியானால் வகுப்பு? நாங்கள் இருபத்தோரு பேரும் காரியதரிசி அம்மாளைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரீட்சைக்குப் போனவளே நான் பெயில்னு சண்டை போட்டு வாங்கிக்கிறத இப்பத்தாம்மா பாக்குறேன். தையல் மிஷின் எங்கயும் ஓடிப்போகாது, அப்புறம் வரட்டும்."

மறு சனிக்கிழமை

வகுப்பு வழக்கம்போல் கூடியது. செல்லம்மாள் என்னோடு பேசவில்லை. எல்லார் எதிரிலும் பொய்க்காரி ஆக்கிவிட்டேனாம். பயிற்சியின்போது சட்டையைப் பிடித்தேன். சுவரைப் பிடித்ததுபோல் இருந்தது. ஆறு தடவை முயன்று ஆறு தடவையும் நானே விழுந்தேன். ஏழாவது தடவை விழுந்து கிடந்தபோது அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "மழை முடிஞ்சி அந்த பாய் வரட்டும். கால்ல வுழுந்து கேட்டாலும் நானா வுழமாட்டேன், ஆமாம்."

ஆகவே, கறுப்பு பெல்ட்டுக்கு எத்தனை நாள் என்று இனி யார் கேட்டாலும் என் பதில் இதுதான்: உங்கள்மேல் அன்பு வைத்திருக்கிற எடை கூடிய ஒரு பெண்மணிக்கு உங்கள்மேல் நன்றாகக் கோபம் வந்த பிறகு எண்ண ஆரம்பியுங்கள்.